பேஸ் ரிக்: பவர் ஆம்பை பிரிட்ஜ் போடலாமா, இரண்டு சேனலாக ஓட்டலாமா?

நாலுகம்பி (நாகர்கோவில்)

வணக்கம். ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலும். இத்தனை நாளும் ஒரு 100 வாட் காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வைத்து ஒப்பேற்றினேன். டிரம்மர் கொஞ்சம் சூடானால் போதும், நான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே கேட்காது. அதனால் தனித்தனியாகச் சாமான் சேர்க்க ஆரம்பித்தேன்.

கையில் இருப்பது இவ்வளவுதான். பாசிவ் ஜாஸ் பேஸ். ப்ரீஆம்பாக (பவர் ஆம்புக்கு முன்னால் சத்தத்தைச் சீர்செய்வது) டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் பெடல், மிட் திருகு இல்லாத முதல் மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1502 பவர் ஆம்ப். கேபினெட் இரண்டு: ஒன்று 8 ஓம், 500 வாட் 4×10 (நாலு 10 இன்ச் ஸ்பீக்கர்), மேல் சத்தத்துக்கு ட்வீட்டர் உண்டு. இன்னொன்று உள்ளூரில் அடித்த 1×15, அதுவும் 8 ஓம். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 300 வாட், முன்னால் இரண்டு போர்ட் (காற்று போகும் ஓட்டை).

ஆம்பை விற்றவர், "பிரிட்ஜ் போட்டால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக ஓட்டினால்) 1550 வாட், அப்படி ஓட்டினால்தான் இதுக்கு மரியாதை" என்கிறார். குழுவில் கீபோர்டு வாசிப்பவரோ, "வாட் குறைவாகக் கொடுத்தால்தான் ஸ்பீக்கர் எரியும், அதனால் பிரிட்ஜே போடு" என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. ஆம்பின் முன்னால் இருக்கும் இரண்டு திருகையும் எங்கே வைப்பது? அப்புறம், எல்லாவற்றையும் இணைத்ததும் ஒரு "ம்ம்ம்" சத்தம் வருகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

மதுரை_சவுண்டு

பிரிட்ஜ் வேண்டாம் தம்பி. காரணம் சொல்கிறேன்.

8 ஓம் பெட்டி இரண்டையும் பேரலலாகப் போட்டால் மொத்தம் 4 ஓம். பிரிட்ஜில் அந்த 4 ஓமை இரண்டு சேனலும் பாதிப் பாதியாகப் பார்க்கும், அதாவது ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓம். அந்த ஆம்பின் கணக்கைப் பாருங்கள்: ஒரு சேனலுக்கு 8 ஓமில் 300, 4 ஓமில் 525, 2 ஓமில் 775 வாட். பிரிட்ஜில் 4 ஓமுக்கு 1550 என்று போட்டிருப்பது இந்த 775 இரண்டு சேர்ந்ததுதான். புதிதாக எங்கிருந்தும் வாட் வரவில்லை. அதன் எல்லையிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில், மே மாத வெயிலில், ஜெனரேட்டர் கரண்டில் அந்த எல்லையில் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று, பிரிட்ஜில் இரண்டு அவுட்புட் முனையிலும் சிக்னல் இருக்கும், எதுவும் கிரவுண்டு கிடையாது. பழைய ஜாக் பின் வைத்த பெட்டியைச் செருகி, அந்தப் பின்னின் உடம்பு ரேக் தகரத்தில் உரசினால் கதை முடிந்தது.

---

பதினைந்து_இன்ச் (சேலம்)

மதுரை அண்ணனுக்கு ஒரு சின்ன மறுப்பு. பேஸ் என்பது ஒரே சீராகப் போகும் சிக்னல் இல்லை. கம்பியைத் தட்டும் நொடியில் உச்சிக்குப் போய்விட்டு உடனே இறங்கிவிடும். அந்த உச்சியை வெட்டாமல் கொடுக்க ஹெட்ரூம், அதாவது மிச்ச சக்தி, வேண்டும். பிஏ (மேடை ஒலிபெருக்கி) ஆட்கள் ஸ்பீக்கரின் வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்ப் போடுவது இதற்காகத்தான். நான் சில வருடமாக பிரிட்ஜில்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

---

மதுரை_சவுண்டு

உங்களிடம் இருப்பது என்ன பெட்டி?

---

பதினைந்து_இன்ச்

ஒரே ஒரு 8 ஓம் பெட்டி. 2×15.

---

மதுரை_சவுண்டு

அப்படிச் சொல்லுங்கள். பிரிட்ஜில் 8 ஓம் என்றால் சேனலுக்கு 4 ஓம், ஆம்ப் நிம்மதியாக மூச்சு விடும். தம்பியின் கேஸ் வேறு. இரண்டு மடங்கு ஆம்ப் போடும் பிஏ ஆட்கள் கூடவே லிமிட்டரும் (உச்சியை அடக்குவது) ஹை பாஸ் ஃபில்டரும் (மிக அடியான சத்தத்தை வெட்டுவது) போடுகிறார்கள். அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

---

காயில்சுற்றி (கோயம்புத்தூர்)

ஸ்பீக்கர் ரீகோன் (கோன், காயில் மாற்றிப் பழுதுபார்க்கும்) வேலை என் தொழில். இந்த "வாட் குறைவாகக் கொடுத்தால் எரியும்" பேச்சால் எனக்கு வியாபாரம் நன்றாகவே நடக்கிறது, இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கர் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று சூட்டில். பெட்டியைத் திறந்ததுமே கருகிய வார்னிஷ் வாசனை அடிக்கும், காயில் முழுக்கக் கறுத்திருக்கும், சுற்று கழன்று கேப்பில் மாட்டியிருக்கும். இன்னொன்று அளவுக்கு மீறி ஆடி. காயிலில் செம்பு புதிதுபோல மின்னும், ஆனால் ஃபார்மரின் (காயில் சுற்றிய குழல்) அடி நசுங்கியிருக்கும், ஸ்பைடர் (காயிலை நடுவில் பிடிக்கும் வளையம்) கிழிந்திருக்கும். பேஸ் வாசிப்பவர்கள் கொண்டுவரும் 15 இன்ச்சில் பெரும்பாலும் நான் பார்ப்பது இரண்டாவது வகை. எரிந்தது இல்லை, அடிபட்டது.

குறைந்த வாட் கதைக்கு வருவோம். ஆம்பை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும். முழுச் சதுரமானால் 300 வாட் ஆம்ப் ஏறத்தாழ 600 வாட் வரை சூடு கொடுக்கும். அந்தச் சூடு ஸ்பீக்கர் தாங்குவதைவிட அதிகமானால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. 100 வாட் ஆம்ப் எவ்வளவு கதறினாலும் 500 வாட் பெட்டியின் 10 இன்ச் ஸ்பீக்கர்களை எரிக்க முடியாது. எரிப்பது வாட் "குறைவு" இல்லை, மொத்தத்தில் உள்ளே போகும் சூடு.

ஒரே ஒரு விதிவிலக்கு, 4×10 இல் இருக்கும் ட்வீட்டர். சாதாரணமாக அதற்குப் போவது சொற்பம். ஆம்ப் கிளிப் ஆகும்போது (அலையின் தலை வெட்டுப்படும்போது) மேல் அலைவரிசைகள் பெருகி அதன் பங்கு ஏறும். டிஸ்டார்ஷன் பெடல் போட்டு மணிக்கணக்கில் வாசிப்பவர்களுக்கும் இதே கதிதான். பின்னால் ட்வீட்டருக்குத் திருகு இருந்தால் பாதிக்கு மேல் வைக்காதீர்கள்.

---

ரூட்_நோட் (சென்னை)

காயில்சுற்றி அண்ணா சொன்னதை நாலுகம்பியின் பெட்டிகளில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

இரண்டும் 8 ஓம். ஆகவே ஆம்ப் இரண்டுக்கும் சமமாகத்தான் கொடுக்கும். ஆளுக்கு 300 வாட் என்று வையுங்கள். 4×10 இல் அது நாலாகப் பிரிந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 75 வாட். 1×15 இல் ஒரே ஸ்பீக்கர் 300 வாட்டையும் விழுங்க வேண்டும். எது முதலில் "பர்ர்" என்று கத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்ஜில் போட்டால் அதே 15 க்கு 775 வாட்.

"அடி பேஸுக்கு 15, மேல் சத்தத்துக்கு 10" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு 10 இன்ச் கோனின் பரப்பு ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர். நாலு சேர்ந்தால் 1400. ஒரு 15 இன்ச் சுமார் 850 தான். காற்றைத் தள்ளும் பரப்பு 4×10 இல்தான் அதிகம். ஸ்பீக்கர் விட்டத்தை மட்டும் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது, பெட்டியின் அளவு, போர்ட் ட்யூனிங், ஸ்பீக்கர் எவ்வளவு ஆடும் என்பதெல்லாம் சேர்ந்துதான் அடி சத்தம்.

அதனால் என் யோசனை: எக்ஸ்எல்எஸ் மெனுவில் "இன்புட் ஒய்" என்று ஒன்று இருக்கிறது. முதல் இன்புட்டில் கொடுப்பதை இரண்டு சேனலுக்கும் அனுப்பிவிடும். முதல் சேனலில் 4×10, இரண்டாவதில் 1×15. இப்போது இரண்டு பெட்டிக்கும் தனித்தனி வால்யூம் கிடைத்துவிட்டது. 15 முனகினால் அதை மட்டும் குறைக்கலாம். பிரிட்ஜில் இந்த வசதி கிடையாது. எனக்குப் பெரிய காரணம் இதுதான், வாட் கணக்கெல்லாம் அப்புறம்.

அதே மெனுவில் கிராஸ்ஓவரும் இருக்கும். அடியை 15 க்கும் மேலே உள்ளதை 10 களுக்கும் பிரித்து அனுப்பலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். பாரமான வேலை எல்லாவற்றையும் பலவீனமான பெட்டியின் தலையில் கட்டிவிட்டு, நாலு 10 இன்ச்சைச் சும்மா உட்கார வைப்பதாக முடியும்.

---

நாலுகம்பி

அக்கா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் 1550 எங்கே, 300+300 எங்கே? மனசு கேட்கவில்லை.

---

ரூட்_நோட்

மனசைத் தேற்றக் கணக்கு இருக்கிறது. வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று பட ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். 600 க்கும் 1550 க்கும் இடையில் வெறும் 4 டெசிபல்தான். அந்த 4 டெசிபலையும் உங்கள் 15 தாங்காது, ஆகவே கையில் கிடைக்காத காசு அது.

மாறாக 100 வாட் காம்போவிலிருந்து 600 வாட்டுக்கு வந்ததே கிட்டத்தட்ட 8 டெசிபல். அதோடு ஒரு ஸ்பீக்கருக்குப் பதில் ஐந்து. பெட்டி வாங்கும்போது லேபிளில் வாட்டைப் பார்ப்பதற்கு முன் சென்சிட்டிவிட்டியை (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை) பாருங்கள். 97 டெசிபல் பெட்டிக்கும் 100 டெசிபல் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், ஆம்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

---

ஸ்கார்பரோ_பேஸ் (டொராண்டோ)

அந்தக் காலத்து ஆட்களை நினைத்துப் பாருங்கோ. ஆம்பெக் எஸ்விடி 1969 இல் வந்தது, 300 வாட் ட்யூப். அதை வைத்துத்தான் பெரிய மைதானங்களில் வாசித்தார்கள். ரகசியம் ஆம்பில் மட்டும் இல்லை, கீழே இருந்த 8×10 பெட்டியில். எட்டு ஸ்பீக்கரும் ஒவ்வொன்றும் 32 ஓம், எல்லாம் பேரலலில் சேர்ந்து 4 ஓம். மூடிய பெட்டி, போர்ட் கிடையாது. இன்றைக்கு விற்கிற எஸ்விடி 810ஈ மாடலின் தாளை எடுத்துப் பாருங்கோ, 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கத் தொடங்கிவிடும். நாலாவது கம்பி ஈ 41 ஹெர்ட்ஸ். அப்படியிருந்தும் அந்தப் பெட்டிக்கு அடி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. நாங்கள் "அடி" என்று ரசிப்பதில் பெரும்பகுதி 80 இலிருந்து 150 ஹெர்ட்ஸுக்குள் கிடக்கிறது.

குறை ஒன்று, எடை 60 கிலோவுக்கு மேல். நான் இங்கே குளிர்காலத்தில் அதைப் படியேற்றிய பிறகுதான் இந்த டி கிளாஸ் ஆம்புகளும் சின்னப் பெட்டிகளும் பாவிக்கத் தொடங்கினேன்.

இங்கேயிருந்து யாராவது ஊருக்கு ஆம்ப் கொண்டுவந்தால் பின்பக்க லேபிளைக் கட்டாயம் பாருங்கோ. 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் 230 இல் செருகின கணமே புகைதான்.

---

காயில்சுற்றி

ஸ்கார்பரோ அண்ணன் அடி சத்தத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தம்பியின் 15 போர்ட் வைத்த பெட்டி. போர்ட் பெட்டிக்கு ஒரு ட்யூனிங் உண்டு, பேஸ் பெட்டிகளில் சாதாரணமாக 40 இலிருந்து 50 ஹெர்ட்ஸுக்குள் எங்கேயாவது இருக்கும். அதற்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்காது. கோன் பாட்டுக்கு ஆடும், சத்தம் மட்டும் வராது. மூடிய பெட்டியிலும் ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி அதே சத்தம் வேண்டுமென்றால் கோன் நாலு மடங்கு ஆட வேண்டும். லேபிளில் 300 வாட் என்று இருப்பது சூட்டுக் கணக்கு. ஆட்டத்தின் எல்லை 30 ஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவான வாட்டிலேயே வந்துவிடலாம்.

பேஸ் திருகை முழுக்கத் திருப்பி, கம்பியைக் கட்டை விரலால் அறைந்தால் நடப்பது இதுதான். 35 அல்லது 40 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போட்டுவிட்டால் பாட்டில் எதுவும் குறைந்ததாகத் தெரியாது, ஸ்பீக்கர் மட்டும் பல வருடம் கூட வாழும். இதற்கென்றே சின்னப் பெடல்கள் வருகின்றன. ரேக்கில் டிஜிட்டல் ஈக்யூ இருந்தால் அதிலேயே செய்யலாம். நாலு கம்பிக்கு 40 தாராளம். ஐந்து கம்பியின் பி 31 ஹெர்ட்ஸ், அதற்கு 30 பக்கம் வையுங்கள்.

---

பதினைந்து_இன்ச்

ஹை பாஸ் விஷயத்தில் நானும் ஒத்துப்போகிறேன். என்னிடமும் இருக்கிறது. 15 ஐத் திட்டுவதை மட்டும் நிறுத்தவும்.

---

நாலுகம்பி

சரி, "இன்புட் ஒய்" முறையில் போட்டுப் பார்த்தேன். ஒரு வினோதம். 4×10 மட்டும் ஓடும்போது நன்றாக இருக்கிறது. 15 ஐச் சேர்த்தால் சத்தம் கூடுவதற்குப் பதில் அடி மெலிந்துவிடுகிறது! 15 இன் திருகை ஏற்ற ஏற்ற இன்னும் மோசம். உள்ளூர்ப் பெட்டி என்பதாலா?

---

காயில்சுற்றி

நூற்றுக்குத் தொண்ணூறு போலாரிட்டி மாறியிருக்கிறது. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

ஆம்பை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் கேபிளை ஆம்ப் பக்கம் கழற்றுங்கள். ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி எடுத்து, பிளஸ்ஸை கேபிளின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் தலைகீழ். கிரில்லைக் கழற்றிவிட்டு விரல் நுனியை கோனின் ஓரத்தில் லேசாக வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தெரியும். 4×10 இலும் செய்யுங்கள், நாலு கோனும் ஒரே பக்கம் போகிறதா என்று பாருங்கள்.

பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்கு பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், அப்படித்தான் அவர்கள் செய்தார்கள். நிறத்தை நம்பாமல் பேட்டரியை நம்புங்கள்.

கையோடு மல்டிமீட்டரில் ஓமும் பார்த்துவிடுங்கள். 8 ஓம் பெட்டி மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3 முதல் 3.5. உள்ளூர்ப் பெட்டிகளில் வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்றாக இருப்பதும் உண்டு.

---

மதுரை_சவுண்டு

கேபிள் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே. கிடாரிலிருந்து பெடலுக்குப் போகும் ஷீல்டு கேபிளை ஆம்பிலிருந்து பெட்டிக்குப் போட்டுவிடாதீர்கள். பார்க்க ஒரே ஜாக்தான், உள்ளே இருப்பது முடிபோல மெல்லிய ஒரு கம்பி. சூடாகி உருகி ஷார்ட் ஆகும், ஆம்பின் அவுட்புட்டும் கூடவே போகும்.

2.5 சதுர மில்லிமீட்டர் இரண்டு கோர் வயர், இரண்டு முனையிலும் ஸ்பீக்கான் (திருப்பிப் பூட்டும் ஸ்பீக்கர் ப்ளக்). சேனல் தனித்தனி என்பதால் 1+, 1− இரண்டில் மட்டும் வயர் போதும். பிரிட்ஜில் பல ஆம்புகளில் 1+, 2+ என்று வயரிங் மாறும், அதனால் பிரிட்ஜுக்குச் செய்த கேபிள் வேறு எங்காவது கிடந்தால் அதில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். ஸ்பீக்கானை உள்ளே தள்ளி வலப்புறம் திருப்பி "க்ளிக்" கேட்கும் வரை விடாதீர்கள். பாதி மாட்டிய ஸ்பீக்கானால் பாதி நிகழ்ச்சியில் பெட்டி ஊமையானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

---

நாலுகம்பி

பேட்டரி வைத்ததும் 15 இன் கோன் உள்ளே போனது! பெட்டிக்குள் ஸ்பீக்கர் முனையிலேயே வயர் மாறியிருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது ஈ கம்பியைத் தட்டினால் வயிற்றில் தெரிகிறது. ஓம் மீட்டரில் 4×10 6.1, 15 5.8. காயில்சுற்றி அண்ணா, கோவை வந்தால் ஒரு காபி என் கணக்கில்.

இனி திருகு. பெடலில் லெவலை 12 மணிக்கு வைத்து ஆம்பை முழுக்கத் திறந்தால் பயமாக இருக்கிறது. ஆம்பைப் பாதியில் வைத்தால் ஆம்ப் பாதி வாட்தானே கொடுக்கும், அதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

---

ரூட்_நோட்

ஆம்பின் திருகு வாட்டைக் கட்டுப்படுத்துவது இல்லை. உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கிறது. குழாயைப் பாதி திறந்தால் வாளி நிரம்பக் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் நிரம்பத்தான் செய்யும். அதுபோல பெடலிலிருந்து சிக்னல் பலமாக வந்தால் பாதியில் இருக்கும் ஆம்பும் முழு வாட்டையும் கொடுத்துவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஆம்பின் இரண்டு திருகும் பூஜ்யம். பெடலில் டிரைவ், டோன் எல்லாம் உங்களுக்குப் பிடித்தபடி வைத்துவிட்டு, நிகழ்ச்சியில் எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அதே பலத்தில் ஈ கம்பியை அறையுங்கள். வேண்டாத பிசிறு கேட்காத அளவுக்கு லெவலை ஏற்றுங்கள். அப்புறம் 4×10 இன் சேனலை மெதுவாகத் திறந்து வேண்டிய சத்தத்துக்கு வாருங்கள். கடைசியாக 15 ஐ அடியில் சேருங்கள், முனகத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். பலமாகத் தட்டும்போது கிளிப் விளக்கு எப்போதாவது கண் சிமிட்டினால் பரவாயில்லை, தொடர்ந்து எரியக் கூடாது. மெனுவில் பீக்எக்ஸ் லிமிட்டர் இருக்கும், அதை அணைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஏற்றியும் சத்தம் போதவில்லை, கிளிப் விளக்கும் எரியவில்லை என்றால் சிக்னல் போதவில்லை என்று அர்த்தம். எக்ஸ்எல்எஸ்ஸில் இன்புட் சென்சிட்டிவிட்டி 1.4 வோல்ட், 0.775 வோல்ட் என்று இரண்டு உண்டு. பெடல் வைத்து ஓட்டுபவர்களுக்கு 0.775 பொருந்தும், அங்கேயே 5 டெசிபல் கிடைத்துவிடும். உங்கள் சான்ஸ்ஆம்பில் கால் இன்ச் அவுட்டை 10 டெசிபல் கூட்டும் பட்டனும் இருக்கிறது. பட்டனை அழுத்தும் முன் ஆம்பைக் குறைத்துவிடுங்கள்.

கால் இன்ச் அவுட் ஆம்புக்கு, எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) அவுட் மிக்ஸருக்கு. மேடையில் உங்கள் வால்யூமை ஆம்ப் திருகில் மாற்றினால் மிக்ஸர்காரருக்குத் தொந்தரவு இல்லை. பெடல் லெவலில் மாற்றினால் அவர் உங்களைத் தேடி வருவார்.

அந்த முதல் மாடல் பெடலில் ஒரு குணம், நடு அலைவரிசை இயல்பாகவே கொஞ்சம் குழிந்திருக்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அமிர்தமாக இருக்கும். கீபோர்டு, தபேலா, ரிதம் பேட் எல்லாம் சேர்ந்ததும் உங்கள் சத்தம் அதில் கரைந்துவிடும். ப்ளெண்ட் திருகைக் கொஞ்சம் குறைத்து, பேஸின் சொந்தச் சத்தத்தைக் கலந்து பாருங்கள். வாட் போதவில்லை என்று பலர் நினைப்பது உண்மையில் நடு அலைவரிசை போதாததுதான்.

---

ஸ்கார்பரோ_பேஸ்

பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கோ. பக்கவாட்டில் வைத்தால் மேடையில் இரண்டு அடி நகர்ந்தாலே சத்தம் மாறும். 15 கீழே, 4×10 மேலே. அப்போது 10 கள் காதுக்குக் கிட்ட வரும், முழங்காலுக்குக் கேட்டு என்ன பிரயோசனம்?

இப்படி பவர் ஆம்பையும் ப்ரீஆம்பையும் தனித்தனியாகச் சேர்க்கும் பழக்கத்தின் உச்சம் கிரேட்ஃபுல் டெட் குழுவின் 1974 ஆம் ஆண்டு "வால் ஆஃப் சவுண்ட்". மேக்இன்டாஷ் எம்சி 2300 பவர் ஆம்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பேஸ் வாசித்த ஃபில் லெஷ் தன் பேஸின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனி ஸ்பீக்கர் வரிசைக்கு அனுப்ப முடிந்தது. அவர்களோடு வேலை செய்த ஆலெம்பிக் ஆட்கள் செய்த ப்ரீஆம்ப், ஃபெண்டரின் ட்யூப் ஆம்பு ஒன்றின் முன்பகுதியை எடுத்து ரேக்குக்குள் போட்டதுதான். பேஸ்காரர்கள் இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

---

நாலுகம்பி

கேட்கவே பொறாமையாக இருக்கிறது. என் மேடையில் நாலு கம்பிக்கும் சேர்த்து ஒரு ப்ளக் பாயிண்ட் கிடைத்தால் பெரிய விஷயம் :) அந்த "ம்ம்ம்" இன்னும் போகவில்லை. வீட்டில் குறைவு, சர்ச்சில் அதிகம்.

---

சும்மா_வந்தவன்

ஆம்ப் ப்ளக்கில் பெரிய பின்னை வெட்டிவிடுங்கள். உடனே நிற்கும்.

---

ப்ளக்பாயிண்ட் (திருச்சி)

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். நான் எலக்ட்ரீஷியன், மேடை வேலையும் செய்கிறேன். எர்த்து பின் இல்லாத ஆம்பில் உள்ளே ஒரு லீக்கேஜ் வந்தால் அந்தக் கரண்ட் கேபிள் வழியாக உங்கள் பேஸ் கம்பிக்கு வரும். கை கம்பியில், உதடு மைக்கில். மைக் மிக்ஸர் வழியாக ஒழுங்காக எர்த்து ஆகியிருக்கும். மீதியைச் சொல்ல வேண்டாம்.

முதலில் எந்த "ம்ம்ம்" என்று பிரிக்க வேண்டும். கம்பியை விரலால் தொட்டால் குறைகிறதா? குறைந்தால் அது கிடார் பிக்கப் பிடிக்கும் இரைச்சல். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப் வால்யூமையும் முழுக்க வைத்தால் ஒன்றையொன்று ரத்து செய்யும், ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் ஏறும். சர்ச்சில் டிம்மர் விளக்கு, சீரியல் செட், ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். உடம்பைத் திருப்பி நின்றாலே மாறும்.

தொட்டாலும் மாறவில்லை, மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆரைப் பிடுங்கியதும் நின்றுவிடுகிறது என்றால் அது கிரவுண்டு லூப். மிக்ஸர் ஒரு பாயிண்டிலும் உங்கள் ஆம்ப் வேறொரு பாயிண்டிலும் கரண்ட் எடுப்பதால் வருவது. பெடலில் எக்ஸ்எல்ஆர் கிரவுண்டைத் துண்டிக்கும் பட்டன் இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) போட்டு அதில் கிரவுண்டைத் துண்டியுங்கள். சிக்னல் கேபிளின் ஷீல்டைத் துண்டிக்கலாம், கரண்ட் ப்ளக்கின் எர்த்தை ஒருபோதும் கூடாது.

மூன்றாவது, பழைய கட்டடத்தில் எர்த்தே இல்லாமல் இருப்பது. மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் பச்சை வயர் எங்கேயும் போகாது. மீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பழக்கம் இல்லாதவர்கள் மீட்டரை உள்ளே விட வேண்டாம், ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். மேடைக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) ஒன்று மாட்டிக்கொள்வது நல்லது.

---

நாலுகம்பி

எக்ஸ்எல்ஆரைப் பிடுங்கினால் நின்றது. பெடலின் பட்டனை மாற்றியதும் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு, மிக்ஸர் எடுக்கும் பாயிண்டிலிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்தேன், சுத்தம். ஆனால் சோதித்த எலக்ட்ரீஷியன் மேடையின் இடது பக்கச் சாக்கெட்டில் எர்த்து இல்லை என்றார். சர்ச் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன், அதுவரை அந்தப் பக்கம் போவதில்லை.

நேற்றைய நிகழ்ச்சியில் 4×10 இன் திருகு பாதிக்குச் சற்று மேல், 15 அதைவிடக் குறைவு. கிளிப் விளக்கு எரியவே இல்லை. டிரம்மர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் குறைடா" என்றார். 15 ஐ அணைத்துவிட்டும் இரண்டு பாட்டு வாசித்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு 4×10 வாங்கிவிட்டு இதை விற்றுவிடலாமா?

---

ரூட்_நோட்

ஒரே மாதிரி 8 ஓம் 4×10 இன்னொன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். சமமாகப் பிரியும், ஒரே மாதிரி ஒலிக்கும். 4 ஓம் பெட்டியும் ஓடும், ஆனால் அந்த சேனல் 525 வாட் கொடுக்கும், பெட்டி தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆட்டோவில் ஏறுமா என்பதையும் அளந்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, போடும்போது பெடல், மிக்ஸர் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். ரேக்கில் ஆம்பின் முன்னும் பின்னும் திரை, துணி எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பதினைந்து_இன்ச்

15 ஐ விற்பதாக இருந்தால் வேறு யாரிடமும் சொல்லாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்பவும். சேலத்துக்கு பார்சல் செலவு என்னுடையது.